365 படிகளும் ஒரு இன்ச் டேப்பும்

வீக் எண்டு வந்துட்டா நமக்குத் தெரிஞ்சது ரெண்டே பிளான். ஒண்ணு மகாபலிபுரம், இல்லேன்னா புதுப்படம். ரெண்டும் போரடிச்சுப் போச்சா? அப்படின்னா வர்ற ஞாயிற்றுக்கிழமை காலையில சென்ட்ரலுக்கு வந்துடுங்க. மெயின் பில்டிங்குக்குப் பக்கத்துலயே மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸ். புறநகர் ரயில் அங்கேதான் நிக்கும். திருத்தணிக்கு ஒரு டிக்கெட் எடுங்க. நேரா திருத்தணி போற வண்டி இல்லேன்னா அரக்கோணம் வரைக்கும் போய் மாறிக்கலாம்.

"சாமி கும்பிடவா பாஸ்?" கும்பிடுங்க, யார் வேணாம்னா? ஆனா பையில ஒரு சாமான் கண்டிப்பா இருக்கணும். இன்ச் டேப். தையற்காரர் கழுத்துல தொங்குமே அந்த டேப்பானாலும் சரி, ஹார்டுவேர் கடை ஸ்டீல் டேப்பானாலும் சரி. எதுக்குன்னு அப்புறம் சொல்றேன்.

சுமார் 80 கிலோமீட்டர். ஆவடி தாண்டினதும் கூட்டம் குறையும். திருவள்ளூர் தாண்டினதும் ஜன்னலோர சீட் கிடைக்கும். அரக்கோணத்தில் பாதை பிரிகிறது. ஒன்று காட்பாடி, ஜோலார்பேட்டை பக்கம் போகிறது. இன்னொன்று ரேணிகுண்டா பக்கம் திரும்புகிறது. நம்ம வண்டி அந்த இரண்டாவது பாதையில் போகும்போது காதைத் தீட்டி வச்சுக்கோங்க. எதிர் சீட் அம்மா போனில் தெலுங்கில் ஆரம்பித்து, நடுவில் தமிழுக்கு வந்து, திரும்பத் தெலுங்கில் முடிப்பார். அவருக்கே மொழி மாறினது தெரியாது. ஊர் அப்படி.

1953ல் ஆந்திரம் தனி மாநிலமானபோது திருத்தணி அந்தப் பக்கம்தான் போனது. சித்தூர் மாவட்டத்தில் ஒரு தாலுகா. ம.பொ.சி. தலைமையில் வடக்கெல்லைப் போராட்டம் நடந்து, பேச்சுவார்த்தை நடந்து, நாடாளுமன்றத்தில் சட்டம் வந்து, 1960 ஏப்ரல் 1ஆம் தேதிதான் இந்தப் பக்கம் திரும்பி வந்தது. உங்க தாத்தா பாட்டி யாராவது இந்தப் பக்கத்து ஆளா இருந்தா கேட்டுப் பாருங்க. வீட்டை மாத்தாமலே மாநிலம் மாறின கதையைச் சொல்வாங்க.

ஸ்டேஷனில் இறங்கினால் மலை கண்ணுக்கு எதிரே. கார், பஸ் போக ரோடு இருக்கிறது. நமக்கு ரோடு வேண்டாம். சரவணப் பொய்கைப் பக்கம் போய்ப் படியில் ஏறுவோம். 365 படி. வருஷத்துக்கு எத்தனை நாளோ அத்தனை படி. டிசம்பர் 31 ராத்திரி வந்தீங்கன்னா படித் திருவிழா. ஒவ்வொரு படிக்கும் ஒரு திருப்புகழ் பாடி, கற்பூரம் ஏத்தி, அடுத்த படி. வெள்ளைக்கார துரைகளுக்குப் புத்தாண்டு வாழ்த்துச் சொல்ல ஓடிக்கிட்டிருந்தவங்களைப் பார்த்து, முதல் வாழ்த்து முருகனுக்குச் சொல்லுங்கன்னு வள்ளிமலை சுவாமிகள் ஆரம்பிச்சு வச்சது. நூறு வருஷத்துக்கும் மேல நடக்குது.

இப்போ பாதிப் படியில் ஓரமாக உட்காருங்க. மூச்சு வாங்குதில்ல? பரவாயில்லை, ஹாஸ்டல் சாப்பாடு. ஏறுகிறவர்களின் காலைப் பாருங்க. ஒரு பாட்டி தொடையில் கை ஊன்றி, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து, அப்புறம்தான் அடுத்தது. ஒரு பொடியன் ரெண்டு ரெண்டாகத் தாவுகிறான். ஆடிக் கிருத்திகை சமயமாக இருந்தால் தோளில் காவடியோடு ஒருத்தர். எடை முழுக்க மேலே, ஆனால் உடம்பு ஆடுவதில்லை. மூணு பேரும் செய்வது ஒரே வேலை. ஒரு காலில் முழு உடம்பையும் நிறுத்தி, புவியீர்ப்பு மையத்தை முன்னால் தள்ளி, கீழே விழுவதற்குள் அடுத்த காலை வைத்துவிடுவது. பாட்டிக்கு இது சாதாரணம். உலகத்தின் காஸ்ட்லியான ரோபோக்களுக்குத்தான் கஷ்டம்!

படி ஏறத் தெரியாத புத்திசாலிகள்

ஹோண்டாவின் அசிமோ ஞாபகம் இருக்கா? வெள்ளை ஸ்பேஸ் சூட் போட்ட குட்டிப் பையன் மாதிரி இருக்கும். 2006 டிசம்பரில் டோக்கியோவில் மேடையில் எல்லார் முன்னாலும் படி ஏறிக் காட்டும்போது பொத்தென்று விழுந்தது. ஆட்கள் ஓடிவந்து தட்டி மறைத்ததும் வீடியோவில் பதிவாகி உலகம் சுற்றியது.

2011ல் ஃபுகுஷிமா அணு உலை விபத்து. மனிதன் போக முடியாத இடத்துக்கு ரோபோவை அனுப்பலாம் என்றால், அங்கே ரோபோக்களால் செய்ய முடிந்தது கொஞ்சம்தான். அதற்காகவே அமெரிக்காவின் டார்பா ஒரு போட்டி வைத்தது. 2015 ஜூனில் கலிபோர்னியாவின் பொமோனாவில் ஃபைனல். மொத்தம் எட்டு வேலை. கார் ஓட்டணும், இறங்கணும், கதவைத் திறக்கணும், வால்வைத் திருப்பணும்... கடைசி வேலை, சும்மா சில படிகள் ஏறணும். பல ரோபோக்கள் வழியிலேயே குடிகாரன் மாதிரி சாய்ந்தன. ஜெயித்தது தென்கொரியாவின் கெய்ஸ்ட் அணி. 44 நிமிடம் 28 விநாடி, பரிசு 20 லட்சம் டாலர். அவர்கள் செய்த தந்திரம் என்ன தெரியுமா? ரோபோவின் முழங்காலில் சக்கரம் வைத்தார்கள். சமதரையில் மண்டி போட்டு உருண்டு போகும். நடக்கவேண்டிய இடத்தில் மட்டும் எழுந்து நடக்கும். நடந்தால் விழுவோம் என்று தெரிந்து, தேவையில்லாத இடத்தில் நடப்பதையே விட்டுவிட்டார்கள். எனக்கு ரொம்பப் பிடித்த விடை இது.

இன்னொரு விடை நம்ம ஆளுங்களுடையது. விழுப்புரத்துக்காரர் வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-3, 2023 ஆகஸ்ட் 23ல் நிலவில் இறங்கியது. அதிலிருந்து வெளியே வந்த பிரக்யான் வண்டிக்கு ஆறு சக்கரம். ஆறும் ராக்கர்-போகி என்கிற மூட்டுக் கம்பிகளில் மாட்டியிருக்கும். ஒரு சக்கரம் கல்மேல் ஏறும்போது மற்ற ஐந்தும் தரையை விடாது. கால் இல்லாமலே படி ஏறுகிற யோசனை.

சரி, நம்ம ஆட்களின் முதல் ரோபோவுக்கு வருவோம். ரிச்சி தெருவுல வாங்கின மஞ்சக் கலர் பிஓ மோட்டார் ரெண்டு, 65 மில்லிமீட்டர் சக்கரம், ஒரு அர்டுயினோ, ஒரு எல்293டி. அந்தச் சக்கரத்தோட ஆரம் மூணேகால் சென்டிமீட்டர். சாதாரணச் சக்கரம் தன் ஆரத்தைவிட உயரமான படியில் முட்டினால் ஏறாது. முட்டிக்கிட்டே நிக்கும். திருத்தணிப் படி எவ்வளவு உயரம்? அதான் டேப் கொண்டுவரச் சொன்னேன். அளந்து நோட்டில் குறிச்சுக்கோங்க. கூட்டத்துக்கு நடுவுல குறுக்கே உட்காராதீங்க, பக்தர்கள் திட்டுவாங்க. சாமி படியில ரோபோ விடுறதும் வேண்டாம். அளவு மட்டும் போதும். கீழே போய் ப்ளைவுட்டில் அதே உயரத்தில் மூணு படி செய்துவிட்டால், ஒரு பள்ளிக்கூட ரோபோ கிளப்புக்கு ஒரு வருஷத்துக்கு வேலை இருக்கு.

பள்ளிக்கூட கிளப்பா? ஆமாம். இந்த ஊருக்கு உங்களைக் கூட்டிட்டு வந்ததே அதுக்குத்தான். ஆனா அதுக்கு முன்னால ஒரு கிளப்போட கதையைக் கேளுங்க. கொஞ்சம் தூரத்து ஊர்.

ஸ்டிங்கி

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஃபீனிக்ஸ் நகரம். பாலைவனம். அதன் மேற்குப் பக்கத்து ஏழைப் பகுதியில் கார்ல் ஹேடன் என்று ஒரு உயர்நிலைப் பள்ளி. மாணவர்களில் பெரும்பாலோர் மெக்ஸிகோவிலிருந்து வந்த குடும்பங்கள். அங்கே இரண்டு வாத்தியார்கள், ஃப்ரெடி லஜ்வர்தி, ஆலன் கேமரன். ரோபோ கிளப்பை நடத்தியவர்கள் இவர்கள்தான்.

2004ல் தண்ணீருக்கு அடியில் வேலை செய்யும் ரோபோக்களுக்கான மேட் போட்டிக்கு நாலு பையன்களைத் தயார் செய்தார்கள். ஆஸ்கர் வாஸ்கெஸ், கிறிஸ்டியன் ஆர்செகா, லொரென்ஸோ சான்டிலன், லூயிஸ் அரண்டா. பள்ளிப் பிரிவு, கல்லூரிப் பிரிவு என்று இரண்டு இருந்தது. வாத்தியார்கள் கல்லூரிப் பிரிவில் பெயர் கொடுத்தார்கள். காரணம் வீரம் இல்லை. எப்படியும் தோற்கப் போகிறோம், இன்னொரு பள்ளியிடம் தோற்பதைவிட காலேஜிடம் தோற்றால் மானம் போகாது என்கிற கணக்கு! அரியர் எக்ஸாமுக்கு நாம போடுற கணக்கு மாதிரியே இல்ல?

எதிர் அணிகளில் ஒன்று எம்.ஐ.டி. நம்ம குரோம்பேட்டை எம்.ஐ.டி. இல்லை, மாசசூசெட்ஸ் எம்.ஐ.டி. அவர்கள் ரோபோவில் ஒரு பெரிய எண்ணெய்க் கம்பெனியின் ஸ்டிக்கர். நம்ம பையன்களிடம் இருந்தது சுமார் 800 டாலர் வசூல். உடம்பு முழுக்க வீட்டுக்குத் தண்ணீர் வரும் பி.வி.சி. குழாய். அதை ஒட்டின பசையின் நாற்றம் தாங்காமல் ரோபோவுக்கு வைத்த பெயர், ஸ்டிங்கி. நாத்தம் பிடிச்சவன்.

போட்டி நடந்தது கலிபோர்னியாவின் சான்டா பார்பரா பல்கலைக்கழக நீச்சல் குளத்தில். மூழ்கிப்போன நீர்மூழ்கிக் கப்பல் மாதிரி ஒரு செட் குளத்தின் அடியில் கிடக்கும். அதன் நீளத்தை அளக்கணும், மணியைத் தூக்கணும், பீப்பாய்க்குள்ளிருந்து திரவம் எடுக்கணும். வந்து சோதித்தால், எலெக்ட்ரானிக்ஸ் இருந்த பெட்டிக்குள் தண்ணீர் கசிகிறது. ராத்திரி முழுக்க உட்கார்ந்து ஒயரெல்லாம் திரும்ப சோல்டர் அடித்தார்கள். கசிவை என்ன செய்வது? தண்ணீரை உறிஞ்ச ஏதாவது உள்ளே வைக்கணும், இடமோ கொஞ்சம்தான். உலகத்திலேயே இதற்கென்று சரியாக வடிவமைத்த பொருள் எது என்று யோசித்து, லொரென்ஸோவைக் கடைக்கு அனுப்பினார்கள். அந்தப் பையன் கூச்சத்தில் நெளிந்துகொண்டே போய் வாங்கி வந்தது, பெண்கள் மாதவிடாய் நாளில் பயன்படுத்தும் டாம்பூன். வேலை செய்தது.

அடுத்து நடுவர்கள் முன் வாய்மொழித் தேர்வு. தண்ணீரில் லேசர் தூரமானி எப்படிச் சரியாகக் காட்டும் என்று கேட்டால், ஒளிவிலகல் எண்ணைச் சொல்லிக் கணக்கை விளக்கினான் கிறிஸ்டியன். மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பல்ஸ் பற்றிக் கேட்டார்கள். பதில் சொன்னது பரிட்சையில் அதிகம் மார்க் வாங்காத லொரென்ஸோ. குளத்தில் அந்தப் பீப்பாய் வேலையைச் செய்து முடித்ததும் ஸ்டிங்கிதான். ஒரு சின்ன பம்ப், ஒரு செப்புக் குழாய், எடுத்த திரவத்தைப் பிடிக்க... பிறந்தநாள் பலூன்.

முடிவு அறிவித்தார்கள். முதலில் ஒரு சிறப்புப் பரிசு. சரி, ஆறுதலுக்குக் கொடுக்கிறார்கள் என்று நினைத்தார்கள் பையன்கள். அப்புறம் வடிவமைப்புக்கு ஒன்று, தொழில்நுட்ப எழுத்துக்கு ஒன்று. அந்த நாலு பேருக்கும் தாய்மொழி ஸ்பானிஷ் என்பதை இங்கே ஞாபகம் வச்சுக்கோங்க. கடைசியில் ஒட்டுமொத்த முதலிடம் கார்ல் ஹேடன். இரண்டாமிடம் எம்.ஐ.டி.

சினிமா இங்கே முடிந்துவிடும். நிஜமாகவே 2015ல் சினிமாவும் எடுத்தார்கள். ஆனால் கதை முடியவில்லை. நாலு பேரிடமும் அமெரிக்காவில் இருக்க முறையான காகிதம் இல்லை. உதவித்தொகை, வேலை எல்லாவற்றுக்கும் அது கேட்டது. லொரென்ஸோ சமையல் வேலைக்குப் போனார். ஆஸ்கர் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் பட்டம் வாங்கி, 2009ல் தானாகவே மெக்ஸிகோ திரும்பி, அங்கிருந்து விசாவுக்குப் போராடி, திரும்பி வந்து அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்தார். கப் வாங்கினால் எல்லாக் கதவும் திறக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க.

திறந்தது வேறொரு கதவு. அடுத்த பேட்ச் வந்தது, அதற்கடுத்த பேட்ச் வந்தது. கிளப் பெருசாச்சு. ஃபர்ஸ்ட் என்கிற பெரிய போட்டியில் அதே பள்ளி, அணி எண் 842. 2008ல் அதன் உச்ச விருதான சேர்மன் விருதை வாங்கினார்கள். அந்த விருது ரோபோ ஜெயித்ததற்குக் கொடுப்பதில்லை. தன் ஊரில், மற்ற பள்ளிகளில் இந்த ஆர்வத்தை எவ்வளவு பரப்பினார்கள் என்பதற்குக் கொடுப்பது. (முந்தின வருஷம், 2007ல் அதை வாங்கிய அணியின் எண் என்ன தெரியுமா? 365. முருகா!)

ஒரே மூட்டை, ஒரே தேதி

ஒரு கிளப் ஏன் போட்டியால் வளருது? பரிசால இல்லை. தேதியால. ரூம்ல உட்கார்ந்து "ஒரு ரோபோ செய்வோம்டா"ன்னு சொன்னா அது எந்தக் காலத்திலும் முடியாது. நம்ம ஃபைனல் இயர் புராஜெக்ட்டே சாட்சி. டிசம்பர் 31 ராத்திரின்னு தேதி குறிச்சதால்தான் 365 படிக்கும் பாட்டு பாடி முடிக்கிறாங்க.

இன்னொரு விஷயம், எல்லாருக்கும் ஒரே மூட்டை. 1970களில் எம்.ஐ.டி.யில் உட்டி ஃப்ளவர்ஸ் என்ற பேராசிரியர் ஒரு வகுப்பைப் பிரபலமாக்கினார். எல்லா மாணவருக்கும் ஒரே மாதிரி ஒரு பை. உள்ளே ஸ்பிரிங், கம்பி, அட்டை என்று கண்ட சாமான். அதை வைத்து ஒரு மெஷின் செய்து கடைசியில் போட்டியிடணும். டீன் கேமன் என்ற கண்டுபிடிப்பாளரும் அவரும் சேர்ந்து அதைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொண்டுபோனதுதான் ஃபர்ஸ்ட். 1992ல் முதல் போட்டி. நியூஹாம்ப்ஷயரில் ஒரு பள்ளியின் ஜிம்முக்குள், மொத்தமே 28 அணி.

நம்ம ஆசியாப் பக்கம் 2004ல் சிங்கப்பூரில் உலக ரோபோ ஒலிம்பியாட் ஆரம்பித்தது. 2016ல் அது டெல்லிக்கே வந்தது. அந்த வருஷத் தலைப்பு குப்பை மேலாண்மை. அதில் பல வருஷம் ஒரு விதி இருந்தது. ரோபோவைத் தனித்தனிப் பாகமாகப் பிரித்துத்தான் கொண்டு வரணும், அங்கேதான் பூட்டணும். வாத்தியார் கிட்ட வரக்கூடாது. போதாததற்கு, அன்னிக்குக் காலையில் ஒரு புது விதியைத் திடீர்னு அறிவிப்பாங்க. அப்பா காசு கொடுத்து ஆள் வச்சு செய்த ரோபோ அந்த இடத்தில் மாட்டிக்கும். பெரிய ஸ்கூலோ சின்ன ஸ்கூலோ, தானே செய்தவன் தப்பிச்சுக்குவான்.

இதுக்கெல்லாம் காசு? 2016ல் மத்திய அரசு அடல் டிங்கரிங் லேப் திட்டத்தைக் கொண்டு வந்தது. தேர்வாகும் பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை. 3டி பிரின்டர், சென்சார், மோட்டார் எல்லாம் அதில் வாங்கலாம். நாடு முழுக்க 10,000 லேப் வந்தாச்சு. இன்னும் 50,000 அரசுப் பள்ளிகளுக்கு என்று 2025 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். தனியாக ஒரு மாணவியின் ஐடியாவுக்கு என்றால் இன்ஸ்பயர் மானக் திட்டத்தில் 10,000 ரூபாய். ஆனா உண்மையைச் சொல்லிடறேன். லேப் வந்த பிறகும் டப்பா பிரிக்காமல் பீரோவில் பூட்டி இருக்கும் கதை உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். உடைஞ்சா யார் பதில் சொல்றதுங்கிற பயம். வாத்தியாரைக் குத்தம் சொல்லிப் பிரயோஜனமில்லை. அவருக்கு சிலபஸ் முடிக்கணும், எலெக்ஷன் டியூட்டியும் பார்க்கணும். அந்த டப்பாவைப் பிரிச்சு, "எரிஞ்சா எரியட்டும், இருநூறு ரூபா போர்டுதானே"ன்னு சொல்ல ஒரு அக்காவோ அண்ணனோ வேணும். சனி ஞாயிறு ஊருக்கு வர்ற காலேஜ் அண்ணன்.

தறிக்குள்ளே ஒரு சென்சார்

இப்போ படி இறங்குங்க. இறங்கும்போது முட்டி வலிக்கும், மெதுவா. பஸ் ஸ்டாண்டில் டீ குடிச்சுட்டு பொதட்டூர்பேட்டை, பள்ளிப்பட்டு பக்கம் போற பஸ்ஸில் ஏறலாம். தெருவில் நடந்தாலே காதில் விழும், சடக் சடக் சடக். விசைத்தறி. எல்லைக்கு அந்தப் பக்கம் நகரியிலும் இதே சத்தம்தான். சத்தத்துக்கு மாநிலம் கிடையாது.

யாராவது தறிக்காரரிடம் பேச்சுக் கொடுங்க. "அண்ணா, நூல் அறுந்தா தறி எப்படித் தானா நிக்குது?" அவர் சிரிச்சுட்டுக் காட்டுவார். பாவு நூலுக்கு நடுவே நாடா குறுக்கே பாய்ந்து ஊடை நூலை விட்டுவிட்டுப் போகும். ஓரத்தில் முள்கரண்டி மாதிரி ஒரு சின்னக் கம்பி. ஊடை நூல் வந்திருந்தால் அந்தக் கம்பியைத் தள்ளும், கம்பி சாயும், தறி ஓடும். நூல் அறுந்துபோயிருந்தால் தள்ள ஆளில்லை. கம்பி நேராகவே நிற்கும், கொக்கி மாட்டும், கைப்பிடி விழும், தறி நிற்கும். அர்டுயினோ இல்லை, புரோகிராம் இல்லை. 'நூல் இருக்கா, இல்லையா?' என்று ஒவ்வொரு ஓட்டத்திலும் ஒரு கம்பி கேள்வி கேட்கிறது.

இதுதான் சென்சார், பாஸ்! வெள்ளைச் சார்ட்டில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி, கோட்டைப் பிடித்து ஓடும் ரோபோ செய்வோமே, அதில் ஐஆர் சென்சார் கேட்பதும் இதே கேள்வி. வெளிச்சம் திரும்பி வந்ததா, இல்லையா? வரலேன்னா கீழே கறுப்பு. உடனே அந்தப் பக்கத்து மோட்டாரைக் குறை.

ஜப்பானில் சகிச்சி டொயோடா இந்தத் தறி விஷயத்தைத்தான் வாழ்நாள் பூராவும் தோண்டிக்கொண்டிருந்தார். நூல் அறுந்தால் தானே நிற்கும் அவருடைய தானியங்கித் தறி 1924ல் வந்தது. 1929ல் அதன் காப்புரிமையை இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் கம்பெனி விலைக்கு வாங்கியது. மகன் கிச்சிரோ பின்னால் கார் தயாரிப்பில் இறங்கினார். டொயோட்டா! தப்பு நடந்தால் மெஷின் தானே நிற்கணும் என்ற தறிப் பாடத்தை அந்த கார் ஃபேக்டரிகள் இன்றைக்கும் ஜிடோகா என்று பெயர் வைத்துக் கடைப்பிடிக்கின்றன.

அப்போ தறி வீட்டுப் பிள்ளைக்கு ரோபோ புதுசா? ராத்திரி தறி நின்றால் அப்பாவுக்கு டார்ச் பிடித்து, எந்தக் கம்பி வளைந்தது என்று கண்டுபிடித்த எட்டாம் வகுப்புப் பொண்ணுக்கு ஃபீட்பேக் என்ற வார்த்தைதான் தெரியாது. விஷயம் தெரியும். அவளுக்கு ரோபோவை வெளிநாட்டுப் பொம்மை மாதிரி கிட் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டினால், 'இது நமக்கில்லை' என்று ஒதுங்கிப் போய்விடுவாள். தறியிலிருந்து ஆரம்பித்தால் உங்களுக்கே அவள் பாடம் எடுப்பாள். பி.வி.சி. குழாயும் பலூனும் எம்.ஐ.டி.யை ஜெயித்தது என்றால், இங்கே தறிப்பட்டறைக் கழிவு இரும்பே மூட்டை மூட்டையாய் இருக்கு.

திரும்ப ஊருக்குள் வாங்க. இந்த ஊர் மண்ணின் மைந்தர் ஒருத்தர் பெயரைச் சொல்லாமல் போனால் கோவிச்சுக்குவாங்க. சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். 1888 செப்டம்பர் 5ல் பிறந்தார். நாம ஸ்கூல்ல ஆசிரியர் தினம் கொண்டாடின அதே தேதி. இங்கே ஆரம்பப் படிப்பு, அப்புறம் திருப்பதி, வேலூர், சென்னை கிறிஸ்துவக் கல்லூரி. தத்துவத்தை ஏன் எடுத்தார் தெரியுமா? பெரிய கனவெல்லாம் இல்லை. அதே கல்லூரியில் படித்து முடித்த உறவுக்காரர் ஒருத்தர் தன் தத்துவப் பாடப் புத்தகங்களைச் சும்மா கொடுத்தார். புத்தகச் செலவு மிச்சம் என்று அதையே எடுத்தார். அந்த அண்ணன் கையில் வேறு புத்தகம் இருந்திருந்தால்? நீங்க ரிச்சி தெருவில் வாங்கி, ஒரு செமஸ்டர் உபயோகிச்சு, கட்டிலுக்கு அடியில் போட்டு வச்சிருக்கீங்களே ஒரு பிரெட்போர்டு, ரெண்டு மோட்டார்... அது ஞாபகம் வந்தா சரி.

திருத்தணி அரசு கலைக் கல்லூரியில படிக்கிறவங்க இதைப் படிச்சா உங்களுக்கு ரயில் செலவும் இல்லை. பக்கத்து அரசுப் பள்ளி ஹெச்.எம்.மைப் போய்ப் பாருங்க. லெட்டர்பேடு வேண்டாம், பேனர் வேண்டாம். சனிக்கிழமை மதியம் ரெண்டு மணி நேரம், ஒரு கிளாஸ் ரூம், பத்துப் பிள்ளைங்க. அதில் பாதி பெண் பிள்ளைகள் இருக்கட்டும். முதல் வாரம் ரோபோவே வேண்டாம், பழைய சைக்கிள் டைனமோவைப் பிரிச்சுப் போடுங்க. மூணாவது வாரம் போட்டித் தேதியைச் சொல்லிடுங்க. நேஷனல் லெவல் எதுவும் இல்லை. ப்ளைவுட் படி மூணு, யாருடைய வண்டி முதல்ல மேலே போகுதோ அது ஜெயிச்சுது. தமிழில் கத்தினாலும் தெலுங்கில் கத்தினாலும் பாயிண்ட் ஒண்ணுதான். முதல் வருஷம் எதுவும் ஏறாது. அதையும் முன்னாடியே சொல்லிடுங்க. அசிமோ விழுந்த வீடியோவைப் போட்டுக் காட்டினீங்கன்னா பாதி பயம் போயிடும்.

சாயந்திரம் வண்டிக்கு முன்னால் கொஞ்சம் டைம் இருந்தால் படி அடிவாரத்துக்கு இன்னொரு தடவை போய் வாங்க. ஒரே ஒரு படியை மட்டும் அளந்துட்டு வந்திருப்பீங்க, எனக்குத் தெரியும். கீழே ஒண்ணு, நடுவுல ஒண்ணு, உச்சியில ஒண்ணு அளக்கணும். உயரம் மட்டுமில்லை, அகலமும். மூணும் ஒரே அளவா இருந்தா வேலை சுலபம். இல்லேன்னா உங்க ப்ளைவுட் படியும் அதே மாதிரி ஏத்த இறக்கமாத்தான் இருக்கணும். டேப்பை யாருக்காவது இரவல் கொடுத்துட்டு வந்துடாதீங்க.